மலிவு சரி, அடுத்த வருடமும் கடை இருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் கோலாலம்பூர் அன்பர் ஒருவர், பேரங்காடிகள் வந்த பிறகுதான் ஏழைகளுக்கு விடிவு வந்தது, சின்னப் பட்டணத்து ஆட்கள் இன்னும் மளிகைக் கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று எழுதியிருந்தார். கோலாலம்பூரில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அங்கே ஒன்றை மூடினால் அடுத்த சாலையில் இன்னொன்று இருக்கும். பேராக்கில் சின்னப் பட்டணமான எங்கள் சுங்கை சிப்புட்டில் கணக்கு வேறு.

முதலில் விலை. சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு, உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, பாக்கெட் சமையல் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு. இதெல்லாம் அரசாங்கம் கட்டிப்போட்ட விலை. மைடின், லோட்டஸ் பேரங்காடிகளில் வாங்கினாலும் முனைக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான் (கிடைத்தால்; அந்த எண்ணெய் பாக்கெட் எந்த நேரத்தில் எந்தக் கடையில் இருக்கும் என்று சொல்ல ஜோசியர்தான் வேண்டும்). ஆகையால் பெரிய கடை மலிவு என்று சொல்கிறவரிடம் எந்தச் சாமான் மலிவு என்று கேட்க வேண்டும். துணி துவைக்கும் தூள், பிள்ளைகளுக்குப் போடும் பம்பர்ஸ், மைலோ, டின் பால், இவற்றில் பெரிய கடைதான் மலிவு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வீடு வீடாகப் போடும் அந்தக் கலர் தாளின் முதல் பக்கத்தில் இருக்கும் நாலைந்து சாமான்கள் நம்மை உள்ளே இழுக்க வைத்தவை. அதில் லாபம் பார்க்க மாட்டார்கள், சில நேரம் கையைக்கூடக் கடித்துக்கொள்வார்கள். உள்ளே போன பிறகு பருப்பு, மசாலா, பிள்ளைகள் கேட்கும் தீனி என்று தள்ளுவண்டியில் சேர்கிறதே, வசூல் அங்கேதான். காய்கறிக்கு எங்கள் பாசார் மாலாமை (இரவுச் சந்தையை) எந்தப் பேரங்காடியும் விலையில் அடிக்க முடியாது, வாடாமல் இருப்பது அதற்கு மேல்.

அப்புறம் போக்குவரத்துச் செலவு. மைடின் வேண்டும் என்றால் ஈப்போ பக்கம் மேரு ராயாவுக்குப் போக வேண்டும். காடி (கார்) வைத்திருப்பவருக்கு அது ஒன்றும் தூரமில்லை. எல்பில் தோட்டத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருக்கும் குடும்பம் 10 கிலோ அரிசி மூட்டையையும் பம்பர்ஸ் பையையும் எதில் வைத்துக் கொண்டு வரும்? சம்பளம் போட்ட வாரம் ஒரு காடி பிடித்துப் பங்கு போட்டுப் போகிறார்கள், பங்குப் பணத்தையும் சாமான் விலையோடு சேர்த்துப் பார்த்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது.

சேவையைப் பற்றி அன்பர் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் வீட்டுக்கு ஒரு பேரங்காடியில் மின்விசிறி வாங்கினேன், பெயர் வேண்டாம். சில மாதத்தில் சுற்றவில்லை. கொண்டு போனால், இது எங்கள் வேலை இல்லை, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று ஒரு நம்பரைக் கொடுத்தார்கள், நம்பரை யாரும் எடுக்கவில்லை. கவுண்டரில் நின்ற பெண்பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, பாவம் அவளுக்கு அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. எங்கள் பட்டணத்துச் சாமான் கடை முதலாளி என்றால் மறுநாள் சந்தையில் என் முகத்தில் விழித்தாக வேண்டும், அந்தப் பயமே பாதி வாரண்டி.

அதற்காகச் சின்னக் கடையைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனமில்லை. 555 நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார்கள், பிரட்டில் (தோட்டத்து வேலைக் கணக்கில்) நாள் குறைந்த மாதத்திலும் அடுப்பு எரிந்தது, உண்மை. ஆனால் அந்தக் கடனுக்கும் சேர்த்துத்தான் விலை வைத்தார்கள். சம்பளக் கவர் பிரியாமலே கடைக்குப் போன குடும்பங்களை நம் பெற்றோர் காலத்தில் பார்த்திருக்கிறோம். இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் அடிப்படைச் சாமான் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவியாக வயது வந்த எல்லாருக்கும் மைகாட் அடையாள அட்டை வழியாக 100 வெள்ளி கொடுத்தார்கள் இல்லையா, அதைப் பதிவு செய்த கடையில்தான் செலவழிக்க முடிந்தது. பதியாத கடைக்காரர், தன் வாடிக்கையாளர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறு வியாபாரிகள் சங்கங்கள் இதில் கொஞ்சம் சுறுசுறுப்புக் காட்டலாம்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நிலைத்து நிற்பதைப் பற்றி. பெரிய கடைகளைப் பாருங்கள். காரிஃபோர் 1994-ல் வந்தது, 2012-ல் ஏயோனிடம் விற்றுவிட்டுப் போனது. மேக்ரோவை 2006-ல் டெஸ்கோ வாங்கியது. அந்த டெஸ்கோவும், தோட்டக் கம்பெனியான நம்ம சைம் டார்பியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 2002-ல் கடை திறந்து, 2020-ல் தாய்லாந்தின் சிபி குழுமத்திடம் கைமாறி லோட்டஸ் ஆனது. ஜெயண்ட் கதை இன்னும் வேடிக்கை. 1944-ல் செந்தூலில் ஒரு குடும்பத்தின் மளிகைக் கடையாகத் தொடங்கி, 1999-ல் ஹாங்காங்கின் டைரி ஃபார்ம் கைக்குப் போய், 2023-ல் மேக்ரோவேல்யூ என்ற உள்நாட்டு நிறுவனத்திடம் திரும்பி வந்தது, அதற்குள் எத்தனையோ கிளைகளுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. வெளிநாட்டு முதலாளிக்கு நம் நாடு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அங்கே கை முடை வந்தால் இங்கே விற்பான். அதைக் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன், வியாபாரம் அப்படித்தான்.

நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். மைடின் 1957-ல் கோத்தா பாருவில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் தொடங்கிய சின்னக் கடை. 99 ஸ்பீட்மார்ட் என்ற சிறு கடைத் தொடரின் வேர், போலியோவால் கால் வழங்காத ஒரு மனிதர் 1987-ல் கிள்ளானில் திறந்த மளிகைக் கடை. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 2,600 கிளைகளைத் தாண்டியிருந்தது. இக்கோ ஷாப் 2003-ல் தொடங்கிய இடம் ஜொகூரின் ஜெமந்தா, நம்மைப் போன்ற ஒரு சிறு பட்டணம்தான். பேரங்காடிகளை இன்னொரு பேரங்காடி வந்து கவிழ்க்கவில்லை. பெரிய நிலம், நாள் முழுக்கக் குளிர்சாதனம், மாடி மாடியாகக் கார் நிறுத்துமிடம், எல்லாவற்றுக்கும் கூட்டம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைவீதியில் ஒரு வாசல் கடையை வாடகைக்கு எடுத்து, மோட்டாரை வாசலிலேயே நிறுத்தி அஞ்சு நிமிடத்தில் வாங்கிப் போக வைத்தவர்களிடம் அந்தக் கூட்டம் போய்விட்டது. அதே அடியில் எங்கள் பழைய மளிகைக் கடைகளும் நசுங்குகின்றன என்பது எனக்குத் தெரியும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஒரு பட்டணத்தில் பெரிய கடை வந்து சுற்றியிருந்த சின்னக் கடைகள் மூடிய பிறகு, அந்தப் பெரிய கடையும் போய்விட்டால் அங்கே என்ன இருக்கும்? அன்பர் இதற்குப் பதில் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

எந்தக் கடையாக இருந்தாலும் ரசீதை வாங்கியதும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். மின்விசிறி விஷயத்தில் எனக்குப் பிறகுதான் ஒருவர் சொன்னார்: பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நான் பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்