ஹாம்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்து நாளாயிற்று. போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு டார்ச் வெளிச்சம் குறுக்கே போனால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்றுதானே பாடம் நடத்தினேன், ஒளியும் ஒளியும் மோதும் என்று நீ வேறு சொல்கிறாயே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பாடம் சரிதான். ஆனால் மின்புலம் மிகக் கடுமையானால் வெற்றிடமே படிகம்போல நடந்துகொள்ளும், ஒளி ஒளியைப் பாதிக்கும் என்று 1936-லேயே இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க்கும் ஹான்ஸ் ஆய்லரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். அது பளிச்சென்று தெரிய மீட்டருக்கு 1.3 × 10¹⁸ வோல்ட் அளவில் புலம் வேண்டும். எந்த லேசரும் இன்னும் அதன் கிட்டே போகவில்லை.

அதனால் சுற்றுவழிதான். 1990-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 46.6 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை லேசருக்கு எதிரே விட்டார்கள். அந்த வேகத்தில் வரும் எலக்ட்ரானுக்கு லேசரின் புலம் லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். எலக்ட்ரானில் பட்ட லேசர் ஒளி பேராற்றலோடு திரும்பித் தெறித்து, எதிரே வந்த லேசர் ஒளியோடு மோதியது. அப்படி ஒளியும் ஒளியும் மோதி, சுமார் 100 பாசிட்ரான்கள், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள், பிறந்தன. வெறும் ஒளியிலிருந்து பொருள்! இங்கே ஷெனஃபெல்டில் 3.4 கிலோமீட்டர் நீள எக்ஸ்ரே லேசர் இருக்கிறது. அந்தக் கதிரை இன்னொரு லேசரின் குவியத்தினூடே அனுப்பி, ஒன்றிரண்டு ஃபோட்டான்களாவது, அதாவது ஒளித்துகள்களாவது, அதிரும் திசை மாறி வருகின்றனவா என்று தேடுவதுதான் எங்கள் முயற்சி. ஒளி ஒரே திசையில் அதிர்வதைப் பற்றி நீங்கள் நடத்திய அதே தளவிளைவுதான் அப்பா. என் பங்கு பெரும்பாலும் கண்ணாடிகளை நேராக்குவது. மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், பையன் ஏதோ பெரிதாகச் செய்கிறான் என்றே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் கூடாது. மிக்சி போட்டேன் என்று கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்துவிட்டார். இப்போது சனிக்கிழமை சாயங்காலமே கதவைத் தட்டி, சட்னி அரைத்தாயிற்றா என்று சைகையில் கேட்கிறார். இந்த வாரம் என்னோடு பேச வந்தவர் அவர் ஒருவர்தான்.

அறையை மாற்றிவிட்டேன். சின்ன அறைதான் கதகதப்பாக இருக்கும். முன்பணம் கட்ட வேண்டியிருந்ததால் இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப் போகும், வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா போனை அணைக்காமல் அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். குழாய்ச் சத்தம், நாய் குரைப்பு, நீங்கள் யாரையோ அதட்டுவது எல்லாம் கேட்டது. வைக்க மனம் வரவில்லை.

சரி, சித்தப்பா கேட்கும் பாகப்பிரிவினைக்கு வருவோம். வாய்க்காலோர வயலை அவரே எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் போர் தண்ணீரில் நமக்கும் பங்கு உண்டு என்று பத்திரத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். உங்கள் பேருக்குப் பவர் பத்திரம் இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். சர்வே எண்ணை மட்டும் பட்டாவைப் பார்த்துச் சரியாக எழுதி அனுப்புங்கள், போன தடவை சொன்னதில் உட்பிரிவு இல்லை.

அன்புடன்,
உங்கள் மகன்