சலாம் பற்றி நீ கேட்டது

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மாவும் நானும் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு தரம் கேட்டோம். அம்மாவுக்கு உன் சளிதான் காதில் விழுந்திருக்கிறது. கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்கிறாள். எனக்கோ கடைசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்னது மனதில் நின்றுவிட்டது. "அப்பா, இங்க ஆராதனையில ரெண்டு மணித்தியாலமும் துதி, துதின்னு ஒரே பாட்டு. பரலோகத்துலயும் இராப்பகலா இதேதானாம். நம்ம தோட்டத்துப் பெரிய துரைக்கு சலாம் போட்ட மாதிரி இல்லையா?"

இதற்கு வாட்சப்பில் பதில் எழுத என் விரல் ஒத்துவராது. பழைய வாத்தியார், பேனாதான் சரி.

கேட்டது தப்பில்லை, மகள். சலாம் என்றால் என்னவென்று வேத பண்டிதர்களைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். உன் அப்பாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலம். எனக்குப் பத்து வயதிருக்கும். விடாமல் மழை. பள்ளிக்கூடம் விட்டுக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். கூடையைத் தராசில் மாட்டினார்கள். முள் 19இல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். துண்டில் 15 என்று விழுந்தது. ஈரக் கொழுந்தாம், தண்ணீருக்குக் கழிவாம். சின்னத் துரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்பாயி ஒன்றும் பேசவில்லை. மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியைக் கொஞ்சம் விலக்கி, "சலாம் தொரே" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரல் அவளுடைய குரலே இல்லை, நூல் மாதிரி மெலிந்து வந்தது.

மேட்டுலயத்து வீட்டுக்குக் குறுக்குப் பாதையில் ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகிறவள் எனக்குத் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. கோயிலில் பாடுகிற துதிப்பாட்டுத்தான். தொண்டை திறந்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி. கால் மணி நேரத்துக்கு முன்னால் சலாம் போட்ட அதே வாய்தான். இரண்டும் ஒன்றில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

வேதாகமத்தின் கடைசிப் புஸ்தகம், வெளிப்படுத்தின விசேஷம் 4ஆம் அதிகாரத்தைத் திற. சிங்காசனம், அதைச் சுற்றி மரகதம் போல ஒரு வானவில், எதிரில் பளிங்குக் கடல். கண்கள் நிறைந்த நான்கு ஜீவன்கள் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று ஓய்வில்லாமல் சொல்கின்றன. நீ சொன்ன இராப்பகல் துதி இதுதான். ஆனால் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் பார்த்தாயா? 24 மூப்பர்கள். நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு சிங்காசனத்தில். தலையில் பொன்முடி வேறு. நம் தோட்டத்தில் எந்தத் துரையாவது வேலையாட்களை மேய்க்கிற கங்காணிக்கு நாற்காலி போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா? இங்கே கிரீடத்தைக் கொடுத்தவர் முன்னாலேயே அவர்கள் தாங்களாகக் கழற்றிப் போடுகிறார்கள். தலையில் ஒன்றுமில்லாதவன் எதைக் கழற்றிப் போடுவான்?

இதை எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தவன். ரோமப் பேரரசன் தொமித்தியனுடைய ஆட்சியின் கடைசிக் காலத்தில் அவன் இதைக் கண்டதாக ஐரேனியு என்ற பழைய ஆயர் எழுதியிருக்கிறார். அதாவது கி.பி. 96க்குச் சற்று முன். அந்தத் தொமித்தியன், "நம் ஆண்டவரும் தெய்வமுமானவர் இப்படிக் கட்டளையிடுகிறார்" என்று தன் அதிகாரிகளின் பெயரில் போகிற கடிதத்தைத் தொடங்க வைத்தான் என்று சுவெத்தோனியு என்ற ரோம ஆசிரியர் சொல்கிறார். இப்போது மூப்பர்கள் பாடுவதை வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பில் பார்: "எங்கள் ஆண்டவரே, எங்கள் கடவுளே." அரசன் தனக்கென்று எடுத்துக்கொண்ட பட்டத்தை அவனிடமிருந்து கழற்றி, உரியவரிடம் கொடுக்கிறார்கள். நம் பழைய திருப்புதலில் அடுத்து வருகிற சொல் "பாத்திரர்". தகுதியுள்ளவர் என்று அர்த்தம். ஒருவரைத் தகுதியுள்ளவர் என்று பாடினால், அந்த இடத்தில் குந்திக்கொண்டிருக்கிற மற்றவனுக்குத் தகுதியில்லை என்றும் சொன்னதாகிறது. சலாம் போடுகிறவன் அப்படிச் சொல்ல முடியுமா?

ஐந்தாம் அதிகாரத்தை நான் அழாமல் வாசித்ததில்லை. முத்திரை போட்ட புஸ்தகத்தைத் திறக்க ஆளில்லையென்று யோவான் மிகவும் அழுகிறான். பரலோகத்தில், சிங்காசனத்துக்கு முன்னால், ஒரு மனிதன் அழுகிறான், "இங்கே அழக்கூடாது, துதி" என்று யாரும் அதட்டவில்லை. யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்தார் என்கிறார் ஒரு மூப்பர். சிங்கத்தைத் தேடிப் பார்த்தால் நிற்பது ஆட்டுக்குட்டி, "அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற" ஆட்டுக்குட்டி. நம் பேச்சில் ஆடு அடிப்பது என்றால் அறுப்பது. அடிபட்டவன் என்றால் துரையிடம் உதை வாங்கியவன். மொழிபெயர்த்தவர்கள் முதல் அர்த்தத்தில்தான் போட்டிருப்பார்கள். எனக்கு வாசிக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே கேட்கும். அந்தக் காயத்தோடு நிற்கிறவரைப் பார்த்துத்தான் பதினாயிரம் பதினாயிரமாகத் தூதர்கள் "பாத்திரர்" என்கிறார்கள். 15 கிலோ என்று துண்டு வாங்கிய அப்பாயிக்குத் தொண்டை திறந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

இன்னொன்று, இதை வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். அல்லேலூயா என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஒரே அதிகாரத்தில்தான் வருகிறது, வெளிப்படுத்தல் 19இல், நான்கு முறை. அதற்கு முந்திய அதிகாரத்தில் பாபிலோன் விழுகிறது, சரக்கை வாங்க ஆளில்லையென்று வியாபாரிகள் அழுகிறார்கள். சரக்குப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போ. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, எண்ணெய், கோதுமை, குதிரை, இரதம், கடைசியில் அடிமைகள், "மனுஷருடைய ஆத்துமாக்கள்". கோதுமை மூட்டைக்கும் இரதத்துக்கும் பின்னால் மனுஷர். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களும் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் இப்படித்தான் விழுந்திருப்பார்கள். அவர்கள் வந்த 200 வருஷ நினைவாக 2023இல் அதே வழியில் நடந்தார்களே, அப்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. அந்தச் சரக்கு விலைபோகாமல் நின்ற பிறகே பரலோகம் முதல் அல்லேலூயாவைச் சொல்கிறது.

ஆனாலும் மகள், எல்லா நேரமும் பாட்டு வராது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. இரண்டு நாள் கழித்து நாங்கள் கொஞ்சம் பேர் அரிசியும் போர்வையும் கொண்டுபோனோம். ஒரு பெண், என் வயதிருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சப்பாத்து. எங்களோடு வந்த ஒருவர், "எல்லாம் கர்த்தருடைய சித்தம், ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா" என்றார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஆபத்தான சரிவு என்று முன்னமே எச்சரித்த இடத்தில் ஏழைகளை இருக்கவிட்ட மனுஷருடைய குற்றத்தைக் கர்த்தர் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் துதியில்லை. "கர்த்தர் ராஜரிகம் பண்ணுகிறார்" என்ற வசனத்தை நான் நம்புகிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து புரட்டியபோது எட்டாம் அதிகாரத்து முதல் வசனம் கண்ணில் பட்டது. பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதல் உண்டானதாம். அந்த நான்கு ஜீவன்களும்கூட வாய் மூடியிருந்திருக்கும் போல. அதற்குப் பிறகு தூதன் ஒருவன் பரிசுத்தவான்களின் ஜெபங்களைத் தூபத்தோடு சேர்த்துச் செலுத்துகிறான். அந்த அமைதி எதற்கு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். சப்பாத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்பதற்குத்தான் என்று நான் வைத்துக்கொண்டேன். நம் சபை ஐயரிடம் சொன்னேன், சிரித்தார், மறுக்கவில்லை.

உன் சபையில் இரண்டு மணித்தியாலமும் பாடுகிறவர்களைக் கேலி பண்ணாதே. அங்கே வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள்தானே பாதிப்பேர். யாருக்கு எங்கே சலாம் போட்டுவிட்டு வந்தார்களோ. உனக்குப் பாட்டு வராத வாரம் வாய் மூடி உட்கார், தப்பில்லை.

இந்த ஞாயிறு வாசிப்பு எனக்கு. 148ஆம் சங்கீதம். கல்மழையே, மூடுபனியே, மலைகளே என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் துதிக்கக் கூப்பிடுகிறது. இதை எழுதும்போதே பனி இஸ்தோப்பு வரை ஏறி வந்துவிட்டது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன். அப்பாயி அன்றைக்குப் பாடிய பாட்டில் இரண்டாவது சரணம் எனக்கு மறந்துபோயிற்று. அம்மாவுக்குத் தெரியும். அடுப்படியில் இருக்கிறாள், வந்ததும் பாடச் சொல்லி உனக்குப் பதிந்து அனுப்புகிறேன். நடுவில் கொத்தமல்லியைப் பற்றியும் பேசுவாள், அதையும் சேர்த்துக் கேள்.

அன்புடன்,
அப்பா