குப்பைத் தொட்டிக்கு அப்பால் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவமனையின் சூழல் பாதிப்பு என்றாலே குப்பையைத்தான் பேசுகிறோம். மூலப்பொருள் முதல் அப்புறப்படுத்துவது வரை ஒரு பொருளின் பாதிப்பைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (சர்வதேசத் தரநிலைகள் ஐஎஸ்ஓ 14040, 14044) வேறு இடங்களையும் காட்டும். துவைத்து மீண்டும் உடுத்தும் துணி அங்கியையும் ஒருமுறை உடுத்தி எறியும் அங்கியையும் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுவது தவறு. ஒரு தடவை உடுத்துவதே அலகு. 75 முறை உடுத்தும் அங்கியின் உற்பத்திச் சுமையை 75ஆல் வகுத்து, ஒவ்வொரு சலவைக்கும் கிருமிநீக்கத்துக்கும் ஆகும் நீரையும் மின்சாரத்தையும் கூட்ட வேண்டும். ஆட்டோகிளேவை (நீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம்) பாதி நிரப்பி ஓட்டினால் ஒவ்வொரு கருவியின் பங்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல கணக்குகள் சறுக்குவது இங்கேதான்.

மயக்க மருந்தில் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டெஸ்ஃபுளுரேன் என்ற மயக்க வாயு 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட சுமார் 2,500 மடங்கு புவியை வெப்பமாக்கும். இன்னொரு மயக்க வாயுவான செவோஃபுளுரேன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நோயாளிக்குப் பொருந்துமானால் மாற்றத் தயங்கவே கூடாது. மற்றொரு மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு, மருத்துவமனையின் மையக் குழாய்களில் கசிந்தும் வீணாகிறது. அவற்றை மூடிவிட்டுச் சிறு சிலிண்டர்களுக்கு மாறலாம்.