மோஷன் காம்பன்சேஷன் அசெம்பிளி எழுதும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

ஏவி1 என்ற சுருக்கிய வீடியோ வடிவத்தை விரித்துக் காட்டும் டேவிட் (dav1d) டிகோடரை எடுத்து, அதன் மோஷன் காம்பன்சேஷன் பகுதியை (முந்தைய படத்தின் துண்டுகளை நகர்த்தி அடுத்த படத்தை உருவாக்குவது) ஏவிஎக்ஸ்2-வில் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் இன்டெல் கட்டளைகள்) எழுதிப் பழகுகிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நிரல் இல்லை என்பேன். 2018-ல் வீடியோலேன் அறிவித்த அந்தத் திட்டத்தில் இன்று இன்டெல், ஆர்ம் மட்டுமல்ல, ரிஸ்க்-வி, லூங்ஆர்ச் சிப்புகளுக்கும் கையால் எழுதிய அசெம்பிளி, அதாவது சிப்பின் கட்டளைகளிலேயே எழுதிய நிரல், இருக்கிறது.

கம்பைலரே பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும்படி வெக்டராக்கித் தருகிறதே, கையால் எதற்கு என்று கேட்டிருந்தாய். கம்பைலருக்கு எண்ணின் எல்லை தெரியாது. சி மொழியில் பிக்சலை ஃபில்டரின் கெழுவால் (பெருக்கும் எண்) பெருக்கினால் விடை 32 பிட் இன்ட். அது 16 பிட்டுக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டு உறுதி செய்ய வேண்டியவன் நீ. செய்துவிட்டால் ஒரு 256 பிட் ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்களை வைக்கும் இடம்) 8 எண்களுக்குப் பதில் 16 எண்கள் உட்காரும். வேகம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. இன்ஸ்ட்ரக்‌ஷன்களை முன்பின் நகர்த்திக் கிடைப்பதெல்லாம் அதற்குமேல் கொசுறு.

துண்டு அரை பிக்சல் நகர்ந்திருந்தால், இடைப்பட்ட மதிப்பை அக்கம்பக்கத்து 8 பிக்சல்களிலிருந்து கணக்கிடும் ஏவி1 ஃபில்டரையே பார்: 0, 2, −14, 76, 76, −14, 2, 0. கூட்டினால் 128. நேர்க் கெழுக்கள் மட்டும் 156. அந்த இடங்களில் எல்லாம் 255 (8 பிட் பிக்சலின் உச்சம்), எதிர்க் கெழுக்களின் இடத்தில் 0 வந்தால் 39,780. குறியுள்ள 16 பிட்டின் உச்சம் 32,767 என்பதால் இது வழிந்துவிடும். ஆனால் கெழுக்கள் எல்லாமே இரட்டைப்படை. டேவிட் அவற்றைப் பாதியாக்கியே வைத்திருக்கிறது. இப்போது உச்சம் 19,890தான். கெழுக்களும் குறியுள்ள 8 பிட்டில் அடங்கிவிடுகின்றன. அதனால், பைட்டுகளைப் பெருக்கிப் பக்கத்து விடைகளை இரண்டிரண்டாகக் கூட்டும் பி-மேட்-யூபி-எஸ்டபிள்யூ இன்ஸ்ட்ரக்‌ஷனை நான்கு முறை போட்டு, மூன்று கூட்டல் செய்தால் 8 டேப் (8 கெழு) ஃபில்டர் முடிந்தது. ஏவிஎக்ஸ் வடிவத்தில் முதல் மூலமாகப் பிக்சலும் இரண்டாவதாகக் கெழுவும் வரவேண்டும். மாற்றிக் கொடுத்தால் −7 என்ற கெழு 249 ஆகிவிடும், 127-க்கு மேற்பட்ட பிக்சல்கள் மைனஸ் ஆகிவிடும்.

இனி உன் ரவுண்டிங் சிக்கல். செங்குத்து ஃபில்டர் சரியாக வருகிறது, கிடைமட்டத்தில் மட்டும் சில பிக்சல் 1 குறைகிறது என்றாய். இரண்டுக்கும் ஒரே ரவுண்டிங்கைப் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். பி-முல்-எச்-ஆர்-எஸ்டபிள்யூ என்ற பெருக்கல் கட்டளையில் 512-ஐக் கொடுத்தால் 32 கூட்டி 6 பிட் வலப்பக்கம் நகர்த்திய விடை வரும். செங்குத்துக்கு அது போதும். கிடைமட்டத்தில் ஏவி1 வரையறை இரண்டு முறை ரவுண்ட் செய்கிறது: பாதியாக்கிய கெழுக்களில் சொன்னால், முதலில் 2 கூட்டி 2 பிட், பிறகு 8 கூட்டி 4 பிட். இரண்டையும் சேர்த்தால் 34 கூட்டி 6 பிட் நகர்த்துவது. கூட்டுத்தொகையை 64-ஆல் வகுத்து மீதி 30 அல்லது 31 வரும் பிக்சல்களில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். பெருக்குவதற்கு முன் 2-ஐக் கூட்டிவிடு, போதும். கண்ணுக்குத் தெரியாத பிழைதானே என்று விட்டுவிடாதே. அந்தப் படம் அடுத்த படங்களுக்கு ரெஃபரன்ஸ் ஆகிறது. பிழை அடுத்த கீ ஃபிரேம் (மற்றப் படங்களைச் சாராத முழுப் படம்) வரை குவிந்துகொண்டே போகும். டிகோடர் என்றால் பிட் பிசகாமல் வரவேண்டும். எம்டி5 (விடையின் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாத வேகத்துக்கு மதிப்பே இல்லை.

ஏவிஎக்ஸ்2-வின் 256 பிட் என்பது உண்மையில் இரண்டு 128 பிட் லேன், அதாவது தனித்தனிப் பாதிகள். ஷஃபிள் (இடம்மாற்றுவது), அன்பேக் (இரண்டு ரிஜிஸ்டர்களை மாறி மாறிக் கலப்பது), பேக் (சிறிய எண்ணாகச் சுருக்கி அடுக்குவது) எதுவும் தன் லேனைத் தாண்டாது. வரிசையாக இருக்கும் 16 பிட் எண்களைப் பேக் செய்தால் 8 பைட் துண்டுகள் 0, 2, 1, 3 என்று மாறி நிற்கும். லேன் தாண்டி அடுக்கும் வி-பெர்ம்-க்யூ போட்டுச் சரிசெய்ய வேண்டும். செங்குத்து ஃபில்டரில் இந்தச் செலவு வேண்டாம்: அன்பேக் கலைத்ததைப் பேக்கே பழையபடி அடுக்கிவிடும். நீ அங்கேயும் அதைப் போட்டிருந்தால் எடுத்துவிடு. 4 பிக்சல் அகலப் பிளாக்குகளுக்கு அகல ரிஜிஸ்டரில் பாதிக்குமேல் காலியாகவே கிடக்கும். பல வரிகளை ஒரே ரிஜிஸ்டரில் சேர்த்துச் செய்.

டேவிட்டின் சோதனைக் கருவியான செக்ஆஸம் உன் அசெம்பிளியை சி வடிவத்தோடு ஒப்பிடும். தவறினால் அது காட்டும் சீட் எண்ணை (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) கொடுத்து அதே தவற்றைத் திரும்ப வரவழைக்கலாம். ரேண்டம் பிக்சலை மட்டும் நம்பாதே. 0, 255 இரண்டை மட்டுமே கலந்து ஊட்டு, ஓவர்ஃப்ளோ அங்கேதான் வெளிப்படும். 32 பிட் இன்ட் ஆக வரும் அளவுருக்கள் இருக்கும் 64 பிட் ரிஜிஸ்டரின் மேல் 32 பிட்டில் குப்பை இருக்கலாம். முகவரிக் கணக்கில் சேர்க்கும் முன் 64 பிட்டுக்கு விரிவாக்கு. விண்டோஸில் எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரையிலான ரிஜிஸ்டர்களைப் பழைய மதிப்போடு திருப்பித் தரவேண்டும், லினக்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. எத்தனை ரிஜிஸ்டர் பயன்படுத்துகிறாய் என்று மேக்ரோவில் குறைத்துச் சொன்னால் லினக்ஸில் ஓடும், விண்டோஸில் அழைத்தவரின் மதிப்பு கெடும்.

அளக்கும்போது டர்போவை (சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) அணைத்து, ஒரே கோரில் கட்டிப்போட்டு ஓட்டு. பிறகு முழு வீடியோவையும் ஓட்டி, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பெர்ஃப் கருவியில் பார். மொத்த நேரத்தில் 2 சதவீதம் எடுக்கும் ஃபங்ஷனை நான்கு மடங்கு வேகமாக்கினாலும் மிச்சப்படுவது 1.5 சதவீதம்தான்.

சிம்பல் டிகோடிங்குக்கு (சுருக்கிய பிட்டுகளிலிருந்து மதிப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பது) இந்த வழி அப்படியே பொருந்தாது. முந்தைய சிம்பல் தெரிந்தால்தான் அடுத்ததைப் படிக்க முடியும் என்பதால் அகல ரிஜிஸ்டரால் பெரிய பயன் இல்லை, லேட்டன்சியே (ஒரு விடை வர ஆகும் நேரம்) முக்கியம். ஒரு சிம்பலுக்கு 16 மதிப்புகள் வரை இருக்கும். சி நிரல் லூப்பில் ஒவ்வொன்றாக ஒப்பிடுவதை அசெம்பிளி ஒரேயடியாக ஒப்பிட்டு, கிடைக்கும் மாஸ்க்கிலிருந்து (ஒப்பீட்டு விடைகளின் பிட் வரிசை) இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பிரமாதமான வேலை, அந்தக் கோப்பைக் கட்டாயம் படி.

10 பிட் வீடியோவுக்குப் போகும் முன் ஒன்று. பிக்சல் 1023 வரை போவதால் பைட் பெருக்கல் உதவாது. 16 பிட்டைப் பெருக்கி 32 பிட்டில் கூட்டும் வழிதான், ஒரு ரிஜிஸ்டருக்குப் பாதி எண்கள்தான். 8 பிட் நிரலின் வேகத்தை அங்கே எதிர்பார்க்காதே. 2-ஐக் கூட்டி ரவுண்டிங்கை 34 ஆக்கியபின் கிடைமட்டச் சோதனை தேறியதா என்று எழுது. 4 அகலத்துக்கு வந்த சைக்கிள் கணக்கையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்