அடுத்த மாத நாவல்: உங்க ஓட்டு எதுக்கு?

நண்பர்களே, ஞாயிறு மாலை 5 மணிக்குக் கோட்டைப் பூங்காவில் கூடும்போது அடுத்த நாவலை முடிவு செய்யணும். என் ஓட்டு இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தீக்காய வார்டு வாசலில் ஒரு குடும்பம் காத்துக் கிடக்குது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி கழிச்ச வேலூர்க்காரங்களுக்கு அந்தப் பேச்செல்லாம் காதிலேயே கேட்கும். நான் பாதியில் மூடிட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்ப எடுத்தேன்.

ரொம்பக் கனம் என்பவங்களுக்கு சோ. தர்மனின் ‘சூல்’. ஒரு கிராமத்துக் கண்மாயைச் சுற்றிய கதை; அங்கே கண்மாய்னு சொல்றதுதான் நமக்கு ஏரி.

நம்ம பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ இன்னும் படிக்காதவங்க கை தூக்குங்க, திட்டமாட்டேன். பிடிஎஃப் மட்டும் கேட்காதீங்க; என் பிரதியைச் சுற்றுக்கு விடறேன்.