லம்பியை ஏமாற்றிய இரண்டு ஸ்டம்ப்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஒருவழியாகச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

கொஞ்ச நாளாக 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிரிக்கெட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் 1775ஆம் ஆண்டு சீசனை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி அணியில் வேகப்பந்து வீசியவன் நீ, உனக்குத்தான் அதன் வலி புரியும்.

அப்போது விக்கெட் என்றால் இரண்டே ஸ்டம்ப், மேலே படுக்க வைத்த ஒரே பெயில், அதாவது ஒரு சின்னக் குச்சி. உயரம் 22 அங்குலம், அகலம் 6 அங்குலம். பந்து வீச்சு எல்லாம் கையைக் கீழிருந்து வீசுவதுதான். ஓவருக்கு நான்கு பந்து. ரன்னைக் குச்சியில் வெட்டுப் போட்டு எண்ணினார்கள்.

அந்த மே மாதம் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில், கென்ட் ஐவருக்கும் ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் கிளப் ஐவருக்கும் ஒற்றை விக்கெட் ஆட்டம், அதாவது ஒரு நேரத்தில் ஒரே மட்டைக்காரர் ஆடுவது. ஹாம்பிள்டனுக்குக் கடைசி ஆளாக ஜான் ஸ்மால் இறங்குகிறார். வெற்றிக்கு 14 ரன் தேவை. கென்ட் பக்கம் வீசுபவர் ‘லம்பி’ ஸ்டீவன்ஸ், அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான பந்து வீச்சாளர். அவர் வீசிய பந்து ஸ்மாலைத் தாண்டி இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போனது. ஒரு முறை அல்ல, மூன்று முறை! பெயில் அசையவே இல்லை, அதனால் அவுட்டும் இல்லை. ஸ்மால் நின்று 14 ரன்னையும் எடுத்து ஜெயித்துவிட்டார்.

பார்த்தவர்களுக்கே மனசு கேட்கவில்லை. நேராக வீசியவனுக்குத் தண்டனையா என்று பேச்சு எழுந்தது. அப்படித்தான் நடு ஸ்டம்ப் வந்தது. உடனே எல்லா ஊரிலும் இல்லை, சில ஆண்டுகளில் படிப்படியாக. மூன்றாவது ஸ்டம்ப் நட்டால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பயம் வீண். 1777இல் செவன்ஓக்ஸில் இங்கிலாந்து அணியை எதிர்த்து ஜேம்ஸ் ஐல்வார்டு 167 ரன் அடித்தார்.

ஆனால் ஸ்மால் வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று நினைத்துவிடாதே. அதே 1775 ஜூலையில் ப்ராட்ஹாஃபென்னி டவுன் மேட்டில், சர்ரேக்கு எதிராக ஹாம்ப்ஷயருக்கு ஆடி, 136 எடுத்தார். பெரிய ஆட்டங்களில் பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் சதம் அதுதான். பந்தைத் தரையில் குத்தி எழுப்பி வீசத் தொடங்கிய காலம் அது. ஹாக்கி மட்டை போல வளைந்திருந்த பழைய பேட் அதற்கு உதவாது. நேரான மட்டையை முதலில் கையாண்டவர்களில் ஸ்மாலும் ஒருவர்.

எனக்கு இன்னும் பிடித்தது அவர்கள் பிழைப்பு. ஸ்மால் பீட்டர்ஸ்ஃபீல்டில் செருப்புத் தைத்தவர், பிறகு பேட்டும் பந்தும் செய்து விற்றவர், வயலினும் வாசிப்பார். லம்பி, டாங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர். பிரபுக்கள் கினி என்ற தங்கக் காசுகளை வைத்துப் பந்தயம் கட்டினார்கள், சரி. ஆட்டத்தை மாற்றியது ஒரு தோட்டக்காரரின் கை. அந்த நடு ஸ்டம்பை லம்பியின் ஸ்டம்ப் என்றே நான் சொல்வேன்.

இப்போதைய விதிகளும் மட்டைக்காரன் பக்கமே சாய்கின்றன என்று நீ அடிக்கடி சொல்வாய். பந்து வீச்சாளனுக்காக எதை மாற்றலாம் என்று யோசித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய விக்கெட் கீப்பர்