யூஎம்எல் எழுதுறவங்களே, படத்துக்கு அர்த்தத்தை முடிவு பண்ணுங்க

ஓஎம்ஜில (மென்பொருள் ஸ்டாண்டர்டுகளை வெளியிடுற அமைப்பு) யூஎம்எல் ஸ்டாண்டர்டை, அதாவது மென்பொருளைப் படமா வரையறதுக்கான விதிகளை, கவனிக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு ஸ்டேட் டயகிராம் எடுத்துக்கோங்க, அதாவது ஒரு மெஷின் எந்தெந்த நிலைல இருக்கும், எது நடந்தா எந்த நிலைக்கு மாறும்னு காட்டுற படம். வெளில "ஓடுது"ன்னு ஒரு பெரிய பெட்டி, அதுக்குள்ள "சூடாகுது"ன்னு ஒரு சின்னப் பெட்டி. "நிறுத்து"ங்கிற ஈவென்ட் வந்தா உள்பெட்டில இருந்து ஒரு அம்பு "காத்திரு"க்கு போகுது, வெளிப்பெட்டில இருந்து அதே ஈவென்ட்டுக்கு இன்னொரு அம்பு "அணை"க்கு போகுது. இப்ப பட்டனை அமுக்கினா மெஷின் அணையுமா அணையாதா? உங்க யூஎம்எல் படி உள் அம்புக்குத்தான் முன்னுரிமை, சும்மா காத்துட்டு இருக்கும். அதே படத்தை ஸ்டேட்மேட்ங்கிற இன்னொரு டூலோட விதிப்படி படிச்சா வெளி அம்பு ஜெயிச்சுடும், மெஷின் அணைஞ்சிடும். படத்துல ஒரு கோடு கூட மாறல!

சரி, இந்த இடத்துல நீங்க முடிவெடுத்து எழுதிட்டீங்க, சந்தோஷம். ஆனா காத்திருக்கிற ஈவென்ட்ல எதை முதல்ல எடுக்கணும்னு கேட்டா வரிசையை வரையறுக்கலன்னு விட்டுட்டீங்க, கிளாஸ் டயகிராம்ல (மென்பொருள் பாகங்களுக்குள்ள இருக்கிற உறவைக் காட்டுற படம்) ஒண்ணு இன்னொண்ணோட பகுதின்னு காட்டுற அந்த வெள்ளை டைமண்டுக்கு என்ன அர்த்தம்னு பாத்தா துறைக்கு துறை, வரையறவருக்கு ஏத்த மாதிரி மாறும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, அப்புறம் அதை எதுக்குங்க வரையணும்?

இது புதுப் பிரச்சனையும் இல்ல. இந்த ஸ்டேட் டயகிராமுக்கு மூலமான ஸ்டேட்சார்ட் பத்தி டேவிட் ஹாரெல் பேப்பர் போட்டது 1987ல, 1994ல ஒப்பிட்டுப் பாத்தப்பவே அதுல சுமார் 20 வகை தேறுச்சு.

படம் சும்மா பேசிப் புரிஞ்சுக்கத்தானே, கணக்கு மாதிரி துல்லியமான அர்த்தம் எதுக்குன்னு சிலர் கேக்குறாங்க. போர்டுல கிறுக்குறதுக்கு ஓகே. ஆனா அதே படத்துல இருந்து கோட் ஜெனரேட் பண்றோம், மாடல் செக்கர்ல (படத்துல பிழை இருக்கான்னு கணக்குப்படி சோதிக்கிற டூல்) போடுறோம், செக்கர் ஒரு அர்த்தத்துல "பிழை இல்ல"ன்னு சொல்லி ஜெனரேட்டர் வேற அர்த்தத்துல கோட் எழுதினா அந்த நிரூபணத்தை வச்சு என்ன பண்றது?

யூஎம்எல் படத்தை ஓட்டினா என்ன நடக்கும்னு துல்லியமா வரையறுக்கிற எஃப்யூஎம்எல் 2011லயே வந்துச்சு, ஸ்டேட் மெஷினுக்கு (அதாவது ஸ்டேட் டயகிராமுக்கு) அதே மாதிரி பிஎஸ்எஸ்எம் 2019ல டெஸ்ட் கேஸோடயே வந்துச்சு, நல்ல வேலைதான், மறுக்கல. ஆனா ரெண்டுமே தனித்தனி டாக்குமென்ட், அதுவும் யூஎம்எல்ல ஒரு பகுதிக்கு மட்டும்தான். டூல் செய்றவங்க அதைத் தொடாமலே யூஎம்எல் சப்போர்ட்னு போட்டுக்கலாம்.

அதனால கேக்குறது இவ்வளவுதான்: அந்த வரையறையை மூல ஸ்டாண்டர்டுக்குள்ளயே கொண்டு வாங்க. எங்க வேணும்னே திறந்து விடுறீங்களோ, அங்க டூல் எதைத் தேர்ந்தெடுத்துச்சுன்னு மாடல் ஃபைல்லயே எழுதக் கட்டாயமாக்குங்க. டெஸ்ட்ல எந்த டூல் எதுல ஃபெயில்னு வெளிப்படையா போடச் சொல்லுங்க. வெள்ளை டைமண்டை தூக்கிட்டா கூட யாரும் அழ மாட்டாங்க.

இப்படிக்கு,
இந்தப் படங்களை வச்சு ஸ்பெக் எழுதுற ஒருத்தன்